இரண்டாவது பற்றரி இணைப்பில் பொருத்தப்படாத பியூஸ்கள் தொடர்பான புகார்

ஒட்டுசுட்டான்,
யூன் 12.

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
வவுனியாக் கிளை.

ஐயா,

கடந்த ஏப்பிரல் 8ஆம் திகதி தங்கள் கிளையில் எனது டீசல் வானுக்கு இரண்டாவது பற்றரி பொருத்துவித்தேன். கோயில் திருவிழாக்களுக்கும் கூட்டங்களுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது எனது தொழில். ஜெனரேற்றரின் இரைச்சல் ஒத்துவராத இடங்களில் வானின் பற்றரியிலேயே அம்பிளிபயரை இயக்கிவிட்டு, விடியற்காலையில் ஊர்ப் பொடியன்களைக் கூப்பிட்டு வானைத் தள்ளுவித்த அனுபவம் பலமுறை உண்டென்பதால், இயந்திரத்துக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று எனப் பற்றரிகளைப் பிரித்துவைக்கும் இந்த ஏற்பாட்டுக்கு 118,500 ரூபா செலவிடத் துணிந்தேன்.

இம்முறை வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்து திரும்புகையில், முள்ளியவளையைக் கடந்ததும் சாரதி ஆசனத்தின் பின்னாலிருந்து புகை எழுந்தது. வானை ஓரங்கட்டி, இயந்திரத்தை நிறுத்திச் சாவியையும் எடுத்துவிட்டேன். புகை நிற்கவில்லை. உதவியாள் பின் ஆசனத்தைத் தூக்கி, இரண்டாவது பற்றரியின் கவ்வியை ஸ்பானரால் தளர்த்திக் கழற்றிய பிறகுதான் அடங்கியது. அதற்குள் தரைவிரிப்பும் இரண்டு ஸ்பீக்கர் வயர்களும் கருகியிருந்தன.

மறுநாள் தொலைபேசியில் பேசிய தங்கள் பணியாளர், நான் அளவுக்கு மீறிய பாரத்தை ஏற்றியதால்தான் வயர் எரிந்தது என்றும், ஆகவே உத்தரவாதம் செல்லாது என்றும் கூறினார். வானை ஒருமுறையேனும் பார்த்திருந்தால் அவர் இதைச் சொல்லியிருக்கமாட்டார். அம்பிளிபயருக்குப் போகும் வயர் வேறு, எரிந்த வயர் வேறு. அம்பிளிபயர் வயரில் உள்ள 30 அம்பியர் பியூஸ் இன்றும் நல்ல நிலையில் இருக்கிறது. பாரம் மிகுந்திருந்தால் முதலில் அறுந்திருக்க வேண்டியது அதுவே. எரிந்தது இரண்டு பற்றரிகளையும் இணைக்கும், அதாவது இயந்திரம் ஓடும்போது பின் பற்றரியைச் சார்ஜ் செய்வதற்கான வயர். அன்று அம்பிளிபயர் ஓடவும் இல்லை, பெட்டியில் கட்டிக்கிடந்தது.

எங்கள் ஊர் மெக்கானிக் பாஸ் ஒருவரைக் கொண்டு கழற்றிப் பார்த்தபோது காரணம் தெளிவாகவே தெரிந்தது. வயரைத் தரைத்தகட்டில் துளையிட்டு நுழைத்தவர்கள், துளையின் விளிம்பில் றப்பர் வளையம் போடவில்லை. இங்குள்ள கிரவல் வீதிகளில் இரண்டு மாதம் ஓடினால் கூரான தகட்டு விளிம்பு எந்த வயரின் தோலையும் அறுத்துவிடும். அறுந்த இடத்தில் செம்பு தகட்டைத் தொட்டதும் குறுஞ்சுற்று ஏற்பட்டு, பற்றரியின் முழு மின்னோட்டமும் அவ்வழியே பாய்ந்திருக்கிறது. இங்கேதான் பியூஸ் இருந்திருக்க வேண்டும். பியூஸ் காப்பது பற்றரியை அல்ல, வயரை. ஒரு வயரின் இரு முனைகளிலும் பற்றரி இருக்கும்போது இரு பக்கமிருந்தும் மின்சாரம் வரக்கூடும் என்பதால், ஒவ்வொரு பற்றரியின் நேர்முனைக்கும் ஒரு சாண் தூரத்துக்குள் ஒவ்வொரு பியூஸ் வேண்டும். சாவியை எடுத்ததும், இரு பற்றரிகளையும் இணைத்துப் பிரிக்கும் மின் ஆளியான முன்பக்க ரிலே திறந்து முன் பற்றரி விலகிவிட்டது. பின் பற்றரியைத் தடுக்க எதுவும் இருக்கவில்லை. தங்கள் பற்றுச்சீட்டிலோ "பியூஸ், தாங்கியுடன் 2" எனக் குறித்து 4,800 ரூபா அறவிடப்பட்டுள்ளது. வானில் அவற்றில் ஒன்றுகூட இல்லை.

ரிலேயைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 13.3 வோல்ற்றில் இணைந்து 12.8 வோல்ற்றில் தானாகப் பிரியும், மின்னழுத்தத்தை உணரும் ரிலே பொருத்தப்படும் என விலை மதிப்பீட்டுத் தாளில் எழுதித் தந்தீர்கள். பொருத்தியிருப்பது சாவியைத் திருப்பியதும் பற்றரிகளை ஒன்றாக்கிவிடும் சாதாரண ரிலே. இயந்திரம் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்ட்டனேற்றர் சார்ஜ் செய்யத் தொடங்குமுன்பே, இரவு முழுதும் இறங்கிப்போன பின் பற்றரி முன் பற்றரியையும் உறிஞ்சத் தொடங்குகிறது என்றால், இரண்டாவது பற்றரி எதற்கு?

வயரும் போதாது. நாலரை மீற்றர் நீளத்துக்கு 6 சதுர மில்லிமீற்றர் வயரில் 30 அம்பியர் ஓடினால் ஏறத்தாழ 0.4 வோல்ற்று வழியிலேயே போய்விடும். 25 சதுர மில்லிமீற்றர் வயரில் அது 0.1 வோல்ற்றைத் தாண்டாது. எதிர்முனை வயரைப் பெயின்ற் சுரண்டாத தகட்டின் மேலேயே முறுக்கியிருப்பதால் அங்கும் இழப்பு. பற்றரியோ அமிலம் ஊற்றும் வகை, சார்ஜ் ஆகும்போது ஐதரசன் வாயுவை வெளிவிடுவது. அதை ஆட்கள் இருக்கும் இடத்தில், காற்றுக் குழாயும் இல்லாமல், இறுக்கிக் கட்டாமலும் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே, இந்த வேலையை 25 சதுர மில்லிமீற்றர் வயர், அதற்கேற்ற இரண்டு பியூஸ்கள், எழுதித் தந்த வகை ரிலே ஆகியவற்றுடன் மேலதிகக் கட்டணமின்றி மீளச் செய்து தருமாறும், குறுஞ்சுற்றில் பழுதான பற்றரியை மாற்றித் தருமாறும், எரிந்த பொருட்களுக்கான 17,200 ரூபாவைச் செலுத்துமாறும் கேட்டுக்கொள்கிறேன். 14 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் கிடைக்காவிடில், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடுவேன். அதற்குரிய மூன்று மாத காலம் யூலை 8ஆம் திகதியுடன் முடிவதால் அதற்கு மேல் காத்திருக்க என்னால் இயலாது.

எரிந்த வயரையும் ரிலேயையும் கழற்றியபடியே வைத்திருக்கிறேன். பார்வையிட வருபவர் முதல்நாள் அறிவித்தால் வானை வீட்டில் நிறுத்திவைப்பேன்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
வாடிக்கையாளர்