கொறங்காட்டிலிருந்து தென்தீவுக்கு

வெள்ளகோவில்,
பங்குனிக் கடைசி

அன்புள்ள சரசு,

உன் கடிதம் நாங்கள் ஊரில் இல்லாதபோது வந்து சேர்ந்திருக்கிறது. கொழுந்தனார் பத்திரமாகச் சாமி அலமாரியில் வைத்திருந்தார். அண்ணனுக்கு முழங்கால் தேவலை, தோப்பு வரைக்கும் தானே நடக்கிறார் என்று படித்ததும் மனசு லேசானது. தென்னைக்கு வெள்ளை ஈ இன்னும் விடவில்லை என்று எழுதியிருக்கிறாய். இங்கேயும் அதே கதைதான். மழை இல்லை, ஆடு மேய்கிற கொறங்காட்டில் புல் காய்ந்து கிடக்கிறது, ஆடுகளுக்கு வெள்வேலங்காய் உதிர்வதுதான் இப்போது தீனி. மற்றபடி எல்லாரும் சௌக்கியம்.

"நம் வயதில் டூர் கம்பெனி இல்லாமல் வெளிநாடு போக முடியுமா, பயமாக இருக்காதா" என்று கேட்டிருந்தாய். முடியும் சரசு. இன்னும் சொல்லப்போனால், டூர் கம்பெனியோடுதான் போக வேண்டும் என்றால் போகவே வேண்டாம் என்பேன். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று நீட்டித்தான் எழுத வேண்டும். சாவகாசமாக உட்கார்ந்து படி.

நாங்கள் நியூசிலாந்தில் தென்தீவு மட்டும் பார்த்தோம். வடதீவை வேண்டுமென்றேதான் விட்டோம். அத்தனை தூரம் போய்ப் பாதி நாட்டைப் பார்க்காமல் வருவதா என்று மகனுக்கு வருத்தம். இரண்டையும் ஓடி ஓடிப் பார்ப்பதைவிட ஒன்றை நின்று பார்க்கலாம் என்று இவர் சொல்லிவிட்டார். கோயம்புத்தூரிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து நேராகக் கிறைஸ்ட்சர்ச். அங்கே வாடகைக்கு ஒரு கார் எடுத்தோம். கியர் மாற்ற வேண்டாத கார். போவதற்கு முன்பே ஆர்டிஓ ஆபீசில் சர்வதேச ஓட்டுநர் உரிமம் இரண்டு பேருமே வாங்கிக்கொண்டோம். கட்டணம் 1000 ரூபாய், ஒரு வருஷம் செல்லும். நீயும் உன் பேரில் ஒன்று வாங்கிக்கொள். அண்ணன் ஒருவரே ஓட்டினால் கால் தாங்காது.

ஓட்டுவது பெரிய விஷயமில்லை. நம்மைப் போலவே இடப்பக்கம்தான். ஊருக்கு வெளியே 100 கிலோமீட்டர் வேகம் வரை போகலாம். ஆனால் மலைப் பக்கம் வளைவுகள் அதிகம், கூகுள் சொல்லும் நேரத்தில் போய்ச் சேர முடியாது. ஒன்றை மட்டும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். ஆறுகளில் ஒரு கார் மட்டும் போகிற அகலத்தில் பாலங்கள் நிறைய உண்டு. பாலத்துக்கு முன்னால் பலகையில் இரண்டு அம்பு போட்டிருப்பார்கள். நம் பக்கத்து அம்பு சின்னதாகச் சிவப்பில் இருந்தால் நாம் நின்று எதிரே வருகிறவரை விட வேண்டும். அதை எல்லாரும் மதிக்கிறார்கள். ஹாரன் சத்தம் கேட்டதாகவே எனக்கு நினைவில்லை.

அப்புறம் செருப்பு விஷயம். விமானத்திலிருந்து இறங்கியதும், சமீபத்தில் தோட்டம், பண்ணை எங்காவது போயிருக்கிறீர்களா என்று கேட்பார்கள். நாம் பண்ணையத்திலேயே இருக்கிறவர்கள், ஆமாம் என்றுதான் எழுத வேண்டும். செருப்பு, ஷூவின் அடியில் மண் ஒட்டியிருக்கக் கூடாது. நான் புறப்படுமுன் பழைய பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். கையில் கொண்டுபோகிற தின்பண்டம் எதையும் மறைக்காமல் எழுதிவிட வேண்டும், மறைத்தால் 400 டாலர் அபராதம். இவர் அதைக் கெடுபிடி என்று நினைக்கவில்லை. கோமாரி நோய் நுழையாமல் ஒரு நாடு தன் மந்தையைக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்றால் சும்மாவா என்றார். நம் பட்டியில் கோமாரி வந்தபோது இவர் ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடந்தது உனக்குத் தெரியுமே.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். கிறைஸ்ட்சர்ச்சை விட்டுத் தெற்கே போனால் கேன்டர்பரி சமவெளி. தரை அப்படியே தட்டையாக விரிந்து கிடக்கிறது. நீள நீளமான இரும்புக் குழாய்கள் சக்கரத்தில் நகர்ந்து நகர்ந்து மேய்ச்சல் நிலத்துக்குத் தண்ணீர் தெளிக்கின்றன. வேலி எல்லாம் கம்பி. நம்மூர்க் கிளுவை வேலி போல உயிர் வேலி அதிகம் கண்ணில் படவில்லை. டூர் பஸ் இந்த வழியில் எங்கும் நிற்காமல் டெகாபோ ஏரிக்குப் போய்விடும். நாங்கள் டெமூகா என்ற சின்ன ஊரில் ஆட்டுச் சந்தை கூடுகிறது என்று கேள்விப்பட்டு வண்டியை அந்தப் பக்கம் திருப்பினோம்.

சரசு, அந்தச் சந்தையை நீ பார்க்க வேண்டும். மரத் தட்டிகளால் சின்னச் சின்ன அடைப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரே பருவத்து ஆடுகள். அடைப்புகளுக்கு மேலாக ஒரு நடைபலகை ஓடுகிறது. ஏலம் விடுகிறவர் அதில் நடந்துகொண்டே மூச்சு விடாமல் விலையைக் கூவுகிறார். வாங்குகிறவர்கள் கீழே அவரோடு நகர்கிறார்கள். ஒருவர் புருவத்தை உயர்த்துகிறார், இன்னொருவர் தலையை லேசாக அசைக்கிறார், அவ்வளவுதான், ஒரு அடைப்பு ஆடு முழுவதும் கை மாறிவிடுகிறது. இங்கே துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்து வளர்ந்தவருக்கு அது ஒரு அதிசயம். இவர் ஒரு மணி நேரம் நகரவே இல்லை. நானும் கூப்பிடவில்லை.

பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் தாமாகவே பேச்சுக் கொடுத்தார். நீங்களும் ஆடு வளர்க்கிறவர்களா என்றார். இவர் கைபேசியில் எங்கள் மேச்சேரி ஆடுகளின் படத்தைக் காட்டினார். கம்பளி எங்கே என்று கேட்டார் அவர். கம்பளி கிடையாது, கறிக்கும் தோலுக்கும்தான் என்று இவர் சொன்னதும், கொடுத்து வைத்தவர்கள் என்றார் அந்த மனிதர். முதலில் எங்களுக்குப் புரியவில்லை. பிறகு அவரே விளக்கினார். 1982இல் அந்த நாட்டில் 7 கோடி ஆடுகள் இருந்தனவாம். இப்போது இரண்டரைக் கோடிக்கும் குறைவு. 1984இல் அரசாங்கம் விவசாய மானியங்களை நிறுத்தியது. பிறகு பால் பண்ணைகளும் மரக்காடுகளும் மேய்ச்சல் நிலத்தை எடுத்துக்கொண்டன. மெரினோ ஆட்டின் மெல்லிய கம்பளிக்கு இன்னும் நல்ல விலை உண்டு. ஆனால் சாதாரண முரட்டுக் கம்பளி விற்ற விலை, பல வருஷம் அதைக் கத்தரிக்கிற கூலிக்கே கட்டவில்லையாம். அதனால் கம்பளி தானாக உதிர்ந்துவிடுகிற வில்ட்ஷயர் இன ஆட்டுக்குச் சிலர் மாறுகிறார்களாம். நாம் வறண்ட காட்டில் வைத்துக் காப்பாற்றுகிற ஆட்டின் குணத்தை, பச்சைப் பசேல் என்று புல் விளைகிற நாட்டில் ஒருவர் ஆசையாகக் கேட்டார். அன்று பொழுதோடு அறைக்குப் போகிற வரைக்கும் இவருக்கு அதே பேச்சு.

அந்த வட்டாரத்தைச் சொல்லும்போது ஒரு திருடனையும் சொல்ல வேண்டும். டெகாபோ, புகாகி ஏரிகள் இருக்கிற மலைச் சமவெளிக்கு மெக்கன்சி நாடு என்று பெயர். ஜேம்ஸ் மெக்கன்சி ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஆட்டுக்காரன். 1855இல் சமவெளிப் பண்ணை ஒன்றிலிருந்து ஆயிரம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு மலைக் கணவாய் ஏறிப் போகும்போது பிடிபட்டான். கூட இருந்தது ஒரே ஒரு நாய். ஐந்து வருஷத் தண்டனை போட்டார்கள், திரும்பத் திரும்பத் தப்பித்து ஓடினான், கடைசியில் ஒரு வருஷம்கூட ஆகாமல் மன்னித்து விட்டுவிட்டார்கள். வெள்ளைக்காரப் பண்ணைக்காரர்களுக்கு அந்தப் பெரிய மேய்ச்சல் பூமி இருப்பது தெரிந்ததே அவன் போன வழியால்தான். அவன் பெயரையே வைத்துவிட்டார்கள். ஆட்டைத் தொலைத்தவன் வயிறு எப்படி எரியும் என்று நமக்குத் தெரியும். ஆனாலும் ஒற்றை நாயை வைத்துக்கொண்டு ஆயிரம் ஆட்டை மலையேற்றியவன் கைக்காரன்தான், அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

டெகாபோ ஏரிக்கரையில் 1935இல் கட்டிய ஒரு சின்னக் கல் தேவாலயம் இருக்கிறது. நல்ல மேய்ப்பன் தேவாலயம் என்று பெயர். பலிபீடத்துக்குப் பின்னால் படமோ சிலையோ இல்லாமல் பெரிய சன்னல் வைத்திருக்கிறார்கள், ஏரியும் பனிமலையும் அதில் தெரிகின்றன. அதன் பக்கத்திலேயே ஆடு மேய்க்கும் நாய்க்கு வெண்கலச் சிலை. நாயில்லாமல் இந்த மலைநாட்டில் யாரும் மேய்ச்சல் செய்திருக்க முடியாது என்று அந்த ஊர்க்காரர்கள் நினைத்து வைத்தது. நான் அந்தச் சிலை முன்னால் வெகுநேரம் நின்றேன். அங்கே ராத்திரி வானத்தையும் பாதுகாக்கிறார்கள். தெருவிளக்கு வெளிச்சம் மேலே போகாதபடி மூடி, 2012 முதல் இருள்வானக் காப்பகம் என்று அறிவித்திருக்கிறார்கள். நம் வாசலில் படுத்துப் பார்க்கிற அதே மூன்று நட்சத்திர வரிசைதான், ஆனால் அந்த வரிசையை இடுப்பில் கட்டிய வேடன் (ஓரியன்) அங்கே தலைகீழாக நிற்கிறான்.

அங்கே தண்ணீரின் நிறத்தைப் பற்றி எத்தனை எழுதினாலும் நீ நம்பமாட்டாய். பனிப்பாறை மலையை அரைத்து அரைத்து மாவாக்கிக் கொண்டுவருகிற கல்பொடி அடியில் தங்காமல் மிதப்பதால், பாலைக் கலந்த நீலமாக இருக்கிறது. அந்தத் தண்ணீர் டெகாபோவிலிருந்து புகாகிக்கு வாய்க்காலில் போகிறது. கிட்டத்தட்ட 25 கிலோமீட்டர், கரை தொட்டு, சத்தமில்லாமல். பரம்பிக்குளம் ஆழியாறு (பிஏபி) பாசனத் தண்ணீர் நமக்கு மண்டலம் மாறி மாறி வருகிறது. நீ பொள்ளாச்சியில், நான் கடைமடையில். எங்கள் முறை வரும் நாளில் வெள்ளென எழுந்து மடைக்கு ஓடுகிறவள் நான். முழு வாய்க்கால் நீலத் தண்ணீரைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. விசாரித்தால் அந்த வாய்க்கால் பாசனத்துக்கு வெட்டியது இல்லை, மின்சாரத்துக்கு. வைடாகி ஆற்றுத் திட்டத்தில் எட்டு மின்நிலையங்கள். ஒரே தண்ணீர் ஒன்றிலிருந்து இறங்கி அடுத்ததில் மறுபடி சுழற்றிக்கொண்டு கடலுக்குப் போகிறது. போகிற வழியில் வாய்க்காலிலேயே சால்மன் மீனும் வளர்க்கிறார்கள். இந்த மின்திட்டத்தைக் கட்டும் வேலைக்கு வந்தவர்களுக்காக டுவைசல் என்று ஒரு ஊரை உண்டாக்கி, வேலை முடிந்ததும் கலைத்துவிடுவதாகத்தான் ஏற்பாடு. குடியிருந்தவர்கள் விடமாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். ஊர் இன்றும் இருக்கிறது, நாங்கள் அங்கேதான் தங்கினோம்.

மவுண்ட் குக், அந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகள் மொழியில் அவுராகி, 3,724 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637. புகாகி ஏரியை ஒட்டியே ரோடு போகிறது, காரை விட்டு இறங்காமலே மலை கண் முன்னால் வளர்ந்துகொண்டு வரும், அண்ணனுக்கு அது போதும். டாஸ்மன் பனிப்பாறையைப் பார்க்க முந்நூறுக்கு மேல் படி ஏற வேண்டும், அவர் கீழே இருக்கட்டும். மேலிருந்து பார்த்தால் சாம்பல் நிற ஏரியில் பனிக்கட்டிகள் மிதக்கின்றன. 1970க்கு முன்னால் அங்கே ஏரியே கிடையாது, எல்லாம் பனியாக இருந்ததாம். பார்த்துவிட்டு நாங்கள் இருவரும் ரொம்ப நேரம் பேசவில்லை.

குவீன்ஸ்டவுன் அழகுதான், ஆனால் கூட்டமும் விலையும் அதிகம், ஒரு ராத்திரி போதும். மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே நுழைந்து கிடக்கிற மில்ஃபோர்ட் சவுண்டை விடாதே. டே அனா என்ற ஊரில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு வெள்ளென புறப்படு. வழியில் ஹோமர் சுரங்கம் 1.2 கிலோமீட்டர். 1935இல் கடப்பாரையும் மண்வெட்டியுமாகத் தொடங்கி, வண்டிகளுக்குத் திறக்க 1954 ஆகியிருக்கிறது. சுரங்க வாசலில் கீயா என்று ஒரு மலைக்கிளி, காரின் ரப்பரைக் கொத்திப் பிய்க்கும், தீனி போட்டுவிடாதே. அந்தப் பக்கம் வருஷத்துக்கு 6,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. நமக்கு 600 பெய்தால் நல்ல வருஷம் என்கிறோம். மழை நாளில்தான் போக வேண்டும். செங்குத்தான பாறை முழுக்க அருவியாகிவிடுகிறது.

சாப்பாட்டுக்குக் கவலையே இல்லை. ஹாலிடே பார்க் என்று தங்குமிடங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன, பொதுச் சமையலறை உண்டு. கிறைஸ்ட்சர்ச்சில் இந்தியக் கடையில் அரிசியும் துவரம் பருப்பும் வாங்கிக்கொண்டோம். பொழுதோட அரிசிம்பருப்புச் சாதம் ஆக்கிவிடுவேன், இவர் வெங்காயம் உரித்துக் கொடுப்பார். வீட்டில் இவர் அடுப்படிப் பக்கம் வந்ததே இல்லை. வண்டியிலும் அப்படித்தான், நானே எதிர்பாராத அளவுக்குப் பேசினார். அவர் அப்பா இறந்த வருஷத்தில் கிணறு வெட்டக் கடன் வாங்கியதைப் பற்றி, படிக்காமல் விட்ட படிப்பைப் பற்றி எல்லாம். ஊரில் யாராவது வந்துகொண்டே இருப்பார்கள், மாட்டுக்குத் தண்ணீர், மோட்டாருக்குக் கரண்ட் என்று ஓடிவிடுவார். அங்கே கூப்பிட ஆளில்லை. இதற்காகவே போகலாம் சரசு. நாற்பது பேரோடு பஸ்ஸில் உட்கார்ந்தால் இது கிடைக்காது. இதை மனசாரச் சொல்கிறேன்.

பிப்ரவரிக் கடைசியில் போவது நல்லது. அவர்களுக்குக் கோடை முடிகிற சமயம், வெளிச்சம் ராத்திரி எட்டு மணி வரை இருக்கும், கூட்டம் குறையும். சட்டை நாலு போதும், ஆனால் நல்ல ஸ்வெட்டர் ஒன்று வேண்டும்.

சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் தேருக்கு வருகிறேன் என்று எழுதியிருந்தாயே, அதைத் தவறவிடாதே. காங்கேயம் மாடுகள் இந்த வருஷம் நிறைய வரும் என்கிறார்கள். இவர் ஒரு சோடி காளைக் கன்று பார்க்க வேண்டும் என்கிறார், அண்ணன் கூட இருந்தால் தைரியமாக இருக்குமாம். முந்தின நாளே வந்து தங்குங்கள். வரும்போது உங்கள் இரண்டு பேரின் பாஸ்போர்ட்டும் கொண்டுவா, தேதி முடிந்திருக்கிறதா என்று மகன் பார்த்துச் சொல்வான்.

அன்புடன்,
கமலம்