முதியோர் செலவைத் தலைக்கு வகுத்துக் காட்டாதீர்கள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் புள்ளியியல் அலுவலர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும்,

வணக்கம்.

2023-24 வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒருவரின் சராசரி மாதச் செலவு கிராமத்தில் 5,701 ரூபாய், நகரத்தில் 8,165 ரூபாய். இதை எடுத்து 'நம்மூர் முதியவர் இவ்வளவு செலவழிக்கிறார்' என்று அறிக்கை எழுதுவது தவறு. ஐந்து பேர் உள்ள வீட்டில் மாதம் 28,500 செலவானால் ஆறு வயதுப் பேத்தி பேரில் 5,700, எழுபது தாண்டிய ஆயா பேரில் 5,700. பள்ளி வேன் கட்டணத்தில் ஆயாவுக்கும் பங்கு, சர்க்கரை மாத்திரையில் பேத்திக்கும் பங்கு! வகுத்தல் கணக்கில் பிழையில்லை, கேள்விதான் வேறு.

2025 ஜனவரி முதல் தேசிய மாதிரி ஆய்வுகள் பெரும்பாலானவற்றில் மாவட்டமே அடிப்படை அடுக்கு ஆகிவிட்டது, அதாவது மாதிரி வீடுகளை மாவட்டவாரியாகத் தனித்தனியே எடுக்கிறார்கள். மாவட்ட எண்கள் கேட்டு இனி எல்லாரும் உங்களிடம்தான் வருவார்கள். அதனால் இப்போதே சொல்கிறோம்.

முதலில் மருந்து. ஆஸ்பத்திரியில் சேர்ந்து பார்த்த செலவுக்குக் கடந்த 365 நாள், மற்ற மருத்துவச் செலவுக்குக் கடந்த 30 நாள் என்று கேட்கிறீர்கள். நீண்டகால நோயாளிகளில் பலர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டரைப் பார்த்து, 90 நாள் மாத்திரையை மொத்தமாக வாங்கி வருகிறவர்கள். மாதம் 900 ரூபாய் மருந்து என்றால், 30 நாள் கேள்வியில் மூன்றில் ஒருவருக்கு 2,700 விழும், மற்ற இருவருக்கும் பூஜ்யம். சராசரி ஏறக்குறையச் சரியாக வந்துவிடும்; ஆனால் 'மருந்துச் செலவால் திணறும் வீடுகள் எத்தனை' என்ற அட்டவணை பாழ். தொகைக்குப் பக்கத்தில் 'எத்தனை நாளுக்கு வாங்கியது' என்று ஒரு கட்டம் போதும். வாயால் கேட்காமல் மாத்திரை அட்டையையும் பில்லையும் எடுத்து வரச் சொல்லுங்கள். பேர் தெரியாவிட்டாலும் அட்டை எத்தனை, ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை என்று எண்ணிவிடலாம்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. நுகர்வுக் கணக்கில் இலவச அரிசிக்கு மதிப்புப் போட்டுத் தனியாகவாவது காட்டுகிறார்கள். இலவச மருத்துவத்துக்கு அதுவும் இல்லை. ஆகவே விலை பூஜ்யமானாலும் அளவை எழுதுங்கள். இல்லையென்றால் ரூபாய் குறைந்ததை நோய் குறைந்ததாகப் படித்துவிடுவார்கள்.

அடுத்தது, பதில் சொல்வது யார் என்பது. வாசலில் பதில் சொல்பவர் பெரும்பாலும் மருமகள். அரிசி, கேஸ், கரண்ட் பில் எல்லாம் அவருக்கு அத்துப்படி. பெரியவர் டீக்கடையில் என்ன கொடுத்தார், வெற்றிலை பாக்குக்கு எவ்வளவு, பேரன் கையில் எவ்வளவு திணித்தார் என்பது மருமகளுக்குத் தெரியாது, சில வீடுகளில் தெரியவும் கூடாது. பெரியவரைத் தனியாகப் பத்து நிமிடம் கேளுங்கள். மாநில அரசு 1,200 ரூபாயாக உயர்த்திய முதியோர் உதவித்தொகை வருகிறதா, அதை யார் எடுக்கிறார்கள், பணம் யார் கையில் இருக்கிறது என்று மூன்றாகப் பிரித்துக் கேட்க வேண்டும். பீடி சுற்றும் பாட்டிகளின் கூலியும் 'வேலை செய்வதில்லை' என்ற ஒற்றைப் பதிலில் மறைந்துபோகும்.

மொய், சீட்டு, நகைக்கடன் வட்டி மூன்றும் நுகர்வுச் செலவில் சேராது. விதி அப்படி, அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் பெரியவர் 'செலவு' என்று சொல்வதில் இவை முதலில் வரும். மொத்தத்துக்கு வெளியே தனிப் பத்தியில் எழுதினால், கையிலிருந்த பணம் எங்கே போனது என்று பிறகு குழம்ப வேண்டியதில்லை.

மாதமொரு மகன் வீட்டில் சாப்பிடும் தாயை இரண்டு வீட்டாரும் 'எங்கள் கணக்கில் இல்லை' என்று சொல்லிவிடலாம். வீடுகளைப் பட்டியலிடும்போதே 'முறை வைத்துச் சாப்பிடும் பெரியவர் உண்டா' என்று கேட்டு, எந்த வீட்டில் பதிவு என்பதையும் குறித்துவிட வேண்டும்.

மாதிரி அளவு இன்னொரு சிக்கல். 2022-23 கணக்கெடுப்பில் ஒரு கிராமத்துக்கோ நகரத் தொகுதிக்கோ 18 வீடுகள்தான். அதில் தனியாக வாழும் முதியவர் எத்தனை பேர் சிக்குவார்? மாவட்டம் முழுக்க 20 பேர் கிடைத்து, அவர்கள் செலவின் திட்ட விலக்கம் (ஆளுக்கு ஆள் செலவு எவ்வளவு வேறுபடுகிறது என்ற அளவு) சராசரியில் 80 விழுக்காடு என்று வைத்தால், மதிப்பீடு இருபுறமும் சுமார் 35 விழுக்காடு ஆடும். 200 பேர் என்றால் 11. ஒரே தெருவில் எடுத்த வீடுகள் ஒன்றுபோல் இருப்பதால் உண்மையில் இந்த ஆட்டம் இன்னும் கூடும். மூன்று மாவட்டத்தையும் சேர்த்து ஒரே எண்ணாகத் தருவதில் வெட்கமில்லை.

அந்தச் சேர்ப்பு பழைய எண்களோடு ஒப்பிடவும் உதவும். 2011 மக்கள்தொகைக் கணக்கின் 'வேலூர்' 39,36,331 பேர் கொண்ட பழைய மாவட்டம். 2019 நவம்பரில் அது மூன்றானது. இன்றைய வேலூரை அதன் பக்கத்தில் வைத்து 'குறைந்தது, கூடியது' என்று எழுதக் கூடாது. பழைய எண்ணை வட்டவாரியாகப் பிரித்து, வாலாஜா, ஆற்காடு, அரக்கோணத்தை ராணிப்பேட்டையிலும் ஆம்பூர், வாணியம்பாடியைத் திருப்பத்தூரிலும் போட்ட பிறகே ஒப்பீடு.

வெளியிடும் ஒவ்வொரு அட்டவணையிலும், எத்தனை முதியவர்களை நேரில் கேட்டது, எத்தனை பேருக்காக மற்றவர் பதில் சொன்னது என்ற இரண்டு எண்களை அடியில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
வடஆற்காட்டுப் புள்ளிவிவரங்களைப் பயன்படுத்தும் சிலர்