அந்த ஒரு அங்குலப் படத்தைத் தேடி எடு

திருகோணமலை
ஆடி மாதம்

அன்புள்ள மச்சான்,

ரெண்டு வருசமாக் கடிதம் போடேல்லை. பிழை என்னில. மூத்தவளின்ர கலியாணத்துக்கு நீ காசு அனுப்பினதுக்குக்கூட நான் ஒரு வரி எழுதேல்லை. நினைக்க இண்டைக்கும் மனம் குறுகுது. இஞ்ச எல்லாரும் சுகம். மனுசிக்குச் சீனி கொஞ்சம் கூட, மருந்தோட ஓடுது. நெட்டையன் அதே கடை வாசலில, அதே வாங்கில இருந்து, வெருகல் கதையில நீதான் அழுதனீ எண்டு இப்பவும் சொல்லுறான். நான் மறுத்துப் பேசேல்லை. நீ வந்து அவனோட தீர்த்துக்கொள்.

எழுத வைச்ச விசயம் வேற. பக்கத்து வீட்டுப் பொடியன், ஓ.எல். எடுக்க இருக்கிறவன், போன மாதம் விடிய அஞ்சரைக்கு ரியூசனுக்குப் போகேக்க நிலாவெளி ரோட்டில டிப்பர் ஒண்டு தட்டிப்போட்டு நிக்காமல் போட்டுது. உயிர் தப்பிட்டான். தொடை எலும்பு முறிஞ்சு கம்பி வைச்சிருக்கு. நான்தான் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்தன். பின் சில்லு அப்பளம் மாதிரி மடிஞ்சு கிடந்தது. அண்டு ராவு எனக்கு நித்திரை இல்லை. அதுக்குப் பத்து நாளைக்கு முந்தித்தான் நான் சின்னவளிட்ட ஜேர்மனிக்குப் போட்டு வந்தனான். அங்க மூண்டு நாள் முழுக்கச் சைக்கிள் ஓடினன் மச்சான், ஒரு லொறியின்ர ஹோர்ன் காதில விழேல்லை.

மருமகன் கூட்டிக்கொண்டு போனான். பாசாவ் எண்டு ஒரு ஊர். டானூப், இன், இல்ஸ் எண்டு மூண்டு ஆறு அதில வந்து சேருது. இல்ஸ் கறுப்பு, சதுப்புக் காட்டுக்கால வாறதாம். இன் அல்ப்ஸ் மலையில இருந்து சாம்பல் பச்சையா வருது. சேர்ந்த பிறகும் கொஞ்சத் தூரம் நிறம் நிறமாத்தான் ஓடுது. நகரமண்டபச் சுவரில வெள்ளம் வந்த உயரத்தை எல்லாம் வருசம் போட்டுக் கீறி வைச்சிருக்கு. எல்லாத்துக்கும் மேல 1501. அதுக்குக் கிட்ட முட்ட 2013. முப்பது வருசம் நீர்ப்பாசனத்தில நிண்டவன் நான், அந்தச் சுவரை விட்டு என்னால அசைய ஏலாமல் போட்டுது. 1986 ஏப்ரலில கந்தளாய்க் குளக்கட்டு உடைச்ச அண்டைக்கு நீயும் நானும் எங்க நிண்டம் எண்டு உனக்குத் தெரியும். எங்கட பக்கத்தில அப்பிடி ஒரு சுவரில ஒரு கோடாவது கீறினமா எண்டு யோசிச்சன். மருமகன் ரெண்டுதரம் கூப்பிட்ட பிறகுதான் ஏறினனான்.

அங்க இருந்து வியன்னா வரைக்கும் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல சைக்கிள் வழி. நாங்கள் லின்ஸ் மட்டும்தான் போனம், கிட்டத்தட்ட நூறு. அது ஆரும் புதுசா வெட்டின ரோட்டில்லை. முந்தி ஓட்டத்துக்கு எதிராப் படகு போக, குதிரையைக் கட்டிக் கரையால இழுப்பினமாம். அந்தக் குதிரை நடந்த கரைவழிக்குத்தான் பிறகு தார் போட்டு, வாகனம் பெரும்பாலும் ஏறாமல் பண்ணி விட்டிருக்கினம். ஆறு இறங்குற பக்கம் ஓடினால் கால் நோகாது, காத்தும் கூடுதலா மேற்கில இருந்துதான், முதுகில தள்ளும். ரெண்டு பக்கமும் மலை, மலை முழுக்கக் காடு, நடுவில ஆறு, ஆத்தங்கரையில நீ. ஷ்லோகன் எண்ட இடத்தில ஆறு வந்த பக்கமே திரும்பிப் போற மாதிரி வளையுது. அதில இறங்கி இருந்து வீட்டில கட்டித் தந்த இடியப்பத்தைச் சாப்பிட்டன். அறுபது தாண்டின கிழவியள், பின்னால பிள்ளையை இருத்தின தாய்மார், சின்னப் பொடியள் எண்டு எல்லாரும் போகினம். பயந்த முகம் ஒண்டையும் காணேல்லை.

கேள், இதுக்காகத்தான் உன்னை நினைச்சனான். ஒரு இடத்தில வழி அக்கரைக்கு மாறுது. மணியை அடிச்சால் அங்கால இருந்து சின்னப் பாதை ஒண்டு, எங்கட பக்கத்தில ஆறு கடத்துற மிதவை மாதிரி, வந்து சைக்கிளோட ஏத்துது. மருமகன் அதைப் ‘ஃபேரி’ எண்டான். நான் ‘பாதை வருது, பாதை வருது’ எண்டு கத்தினன். கொழும்பில பிறந்து வளர்ந்தவன், ‘பாதையில தானே மாமா நிக்கிறம்’ எண்டு முழிச்சான். அவனுக்கு எப்பிடி விளங்கும்? கிண்ணியாப் பாதை, உப்பாத்துப் பாதை, கங்கைப் பாதை, இறால்குழிப் பாதை. நாலையும் தாண்டினால்தான் மூதூர். ஒவ்வொண்டிலயும் உன்ர றலி சைக்கிளை நான் பிடிச்சுக்கொண்டு நிப்பன், நீ ஆரையாவது பாத்துக்கொண்டு நிப்பாய். இப்ப ஒண்டும் இல்லை. 2009இல கிண்ணியாப் பாலம் வந்தது, 396 மீற்றர், பிறகு மற்றதுகளும் பாலமாப் போச்சு. நல்லதுதான், பிள்ளைத்தாச்சியள் அக்கரையில கிடந்து தவிச்ச காலம் போச்சு. ஆனால் பாலத்தோட மணல் டிப்பரும் வந்தது. சைக்கிள்காரனுக்கு இப்ப வெள்ளைக் கோட்டுக்கு அங்கால ஒரு அடிதான் மிச்சம்.

2022 ஆடியை நினைச்சுப் பார். நீ கனடாவில இருந்து ‘என்னடா சாப்பிடுறியள்’ எண்டு அழுது எடுத்த நாளுகள். பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, எல்லாம் உண்மை. ஆனால் அந்தக் கிழமைகளில நான் மனுசியைக் கரியரில இருத்தி நிலாவெளிக்குப் போனனான். ரோட்டில நிண்டே கடல் இரையிறது கேட்டுது. இருபத்தைஞ்சு வருசமா அந்த ரோட்டால போறன், அதுக்கு முதல் ஒருநாளும் கேட்டதில்லை. பெற்றோல் வந்த அண்டைக்கே அது போட்டுது.

இப்ப என்ர திட்டத்தைச் சொல்லுறன், சிரிக்காமல் வாசி. எங்களிட்டக் குதிரை இழுத்த கரை இல்லை. வாய்க்கால் கட்டு இருக்கு! தம்பலகாமத்து வயல் எல்லாம் கந்தளாய்க் குளத்துத் தண்ணி. அந்தத் தண்ணி வாற வாய்க்கால் நெடுகக் கட்டு, கட்டுக்கு மேல கிரவல். மச்சினன்ர லான்ட்மாஸ்ரர் உழவு மெசினில சைக்கிளைப் போட்டு, ஆதிகோணநாயகர் கோயிலடியில இறக்கி, போன ஞாயிறு விடிய ஆறு மணிக்கு வெளிக்கிட்டன். சிறுபோக வேளாண்மை முழங்கால் உயரம். மருதை மரங்கள் தண்ணிக்கு மேல சரிஞ்சு நிக்குது, அதுக்குக் கீழ ஓடேக்க வெயில் தெரியாது. ரெண்டரை மணித்தியாலத்தில ரெண்டு லான்ட்மாஸ்ரர், ஒரு மாட்டுப்பட்டி, வயலுக்குத் தண்ணி பங்கிடுற வட்டவிதானை ஒருத்தர். வட்டவிதானை என்னை அடையாளம் கண்டு, தண்ணியைத் திறந்து மூடுற துருசுக் கதவு இறுகிப்போச்சு எண்டு என்னட்ட முறைப்பாடு சொன்னார். நான் ரிட்டயர் ஆகி ஏழு வருசம் எண்டு சொல்லியும் விடேல்லை, கொண்டுபோய்க் காட்டினார். போகேக்க கச்சான் காத்து முகத்தில அடிச்சுது, வாய் முழுக்கப் புழுதி. திரும்பி வரேக்க அதே கச்சான் என்னைத் தூக்கிக்கொண்டு வந்தது. டானூப் காத்து மாதிரியே.

குறை இல்லாமல் இல்லை. மூண்டு இடத்தில கட்டு அரிச்சுக் கிடக்கு, இறங்கித் தூக்க வேணும். ஒரு மதகு விழுந்துபோச்சு. முதலை கிடக்கு. பின்னேரம் நாலரைக்குப் பிறகு குளத்தடிப் பக்கம் ஆள் நிக்கக் கூடாது, யானை இறங்கும். போன மழைக்கு ஒரு விவசாயியை அடிச்சது. ஆனபடியால் காலமையோட சரி, அதுவும் ரெண்டு மூண்டு பேராத்தான். கட்டின்ர ரெண்டு தலைப்பிலயும் லான்ட்மாஸ்ரர் மட்டும் போற அளவுக்கு இடம் விட்டுக் கல்லு நட்டால் டிப்பர் ஏறாது. விழுந்த மதகைக் கட்ட வேணும், அது எப்பிடியும் வயலுக்குத் தேவைதானே. வேற பெரிய செலவு இல்லை. பழைய கந்தோர் ஆக்களிட்ட வாயால சொன்னன், தலையை ஆட்டினாங்கள். படம் இல்லாமல் ஆரும் எழும்பமாட்டாங்கள். எனக்குத் தெரியும், நானும் அந்தக் கதிரையில இருந்தவன்.

அதுக்குத்தான் உன்னட்ட வாறன். நில அளவையில இருந்தபடியால் உன்னட்ட அந்தப் பழைய ஒரு அங்குலப் படம், ஒரு மைலை ஒரு அங்குலமாக் கீறின நில வரைபடம், இருந்தது, திருகோணமலைத் தாளும் அதோட ஒட்டின தெற்குத் தாளும். வண்டில் பாதை எல்லாம் புள்ளிக் கோடாப் போட்டிருக்கும். கந்தளாய்க் கட்டில இருந்து அல்லைப் பக்கம், அங்கால மகாவலி கங்கைக் கரையோட மூதூர் வரைக்கும் காட்டுக்குள்ளால ஒரு வண்டில் பாதை போனதெண்டு எனக்கு மங்கலா ஞாபகம். நீதான் விரல் வைச்சுக் காட்டினனீ. இப்பத்தைய ஃபோன் படத்தில அது இல்லை, வெறும் பச்சை. சண்டைக் காலத்தில மூடுப்பட்டதோ, காடு மூடினதோ, போய்ப் பார்த்தால்தான் தெரியும். போறதுக்கு அந்தப் புள்ளிக் கோடு வேணும்.

கனடாவுக்குக் கொண்டு போன தகரப் பெட்டிக்குள்ளதான் இருக்கும். ‘பிறகு பார்ப்பம்’ எண்டு சொல்லாதை, நீ எப்பவும் அப்பிடித்தான், என்ர பம்பையும் அப்பிடிச் சொல்லித்தான் கொண்டு போனனீ. பேத்தியைக் கொண்டு ஃபோனில படம் எடுப்பி. மடிப்புக் கிழிஞ்சிருந்தால் இழுக்காதை, மடிப்போடயே எடு. கந்தளாய்ப் பக்கம் தெளிவா வேணும், மிச்சம் பரவாயில்லை.

பொடியன் கட்டிலில கிடந்து தன்ர சைக்கிளைத் திருத்தலாமோ எண்டு கேட்டான். பின் சில்லு புதுசு போட்டாச்சு, சைக்கிள் எங்கட விறாந்தையிலதான் நிக்குது. கம்பி எடுத்தாப் போல கோயிலடியில இருந்து முதல் துருசு மட்டும் கூட்டிக்கொண்டு போறன் எண்டு வாக்குக் குடுத்திருக்கிறன். தாய் ஓமெண்டும் சொல்லேல்லை, இல்லையெண்டும் சொல்லேல்லை.

மாரி துவங்க முதல் அனுப்பு. மழை விழுந்தால் கட்டில சைக்கிள் ஏறாது.

உன்ர கூட்டாளி