ஒரே பெயரில் இரண்டு கிராபிக்ஸ் கார்டு: கணினி விற்ற நிறுவனத்துக்கு ஒரு புகார்க் கடிதம்

அனுப்புநர்:
உரிமையாளர்கள்,
திருமண ஆல்பம், ஃப்ளெக்ஸ் வடிவமைப்புக் கூடம்,
சத்துவாச்சாரி, வேலூர் – 632 009.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: விலைப்புள்ளியில் சொன்ன ஜிடி 730 கார்டுக்குப் பதிலாக வேறு சிப் உள்ள கார்டைப் பொருத்தியது, பொருந்தாத டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) வலிந்து ஏற்றியது – கார்டை மாற்றித் தரக் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர், வணக்கம்.

தங்கள் வேலூர் கிளையில் நாங்கள் வாங்கிய ஐந்து கணினிகளுக்கும் ஒரே விலைப்புள்ளிதான். அதில் கிராபிக்ஸ் கார்டுக்கு எதிரே ‘என்விடியா ஜிஃபோர்ஸ் ஜிடி 730, 2 ஜிபி ஜிடிடிஆர்5, 384 குடா கோர்’ என்று தாங்களே அச்சிட்டிருக்கிறீர்கள். மூன்று கணினிகளில் அந்தக் கார்டு இருக்கிறது. மற்ற இரண்டில் இருப்பது 96 கோர் (கணக்கிடும் அலகு) மட்டுமே உள்ள, ஜிடிடிஆர்5-ஐவிட வேகம் குறைந்த டிடிஆர்3 மெமரி கொண்ட, ஒரு தலைமுறை பழைய கார்டு. ஐந்துக்கும் ஒரே விலையை வாங்கியிருக்கிறீர்கள். விலைப்புள்ளி, பில் இரண்டின் நகலும் இத்துடன் உள்ளன.

‘எல்லாம் ஜிடி 730தான் சார், டிவைஸ் மேனேஜரில் பாருங்கள்’ என்று தங்கள் கிளையில் பதில் சொன்னார்கள். அங்கே தெரியும் பெயர் கார்டிலிருந்து வருவதில்லை. டிரைவரோடு வரும் ஐஎன்எஃப் ஃபைலில் (அந்த டிரைவர் எந்தெந்தக் கார்டுக்கு என்ற பட்டியலில்) எழுதியிருப்பதை விண்டோஸ் அப்படியே காட்டுகிறது. கார்டு தானாகச் சொல்வது அதன் ஹார்டுவேர் ஐடியை மட்டும்தான். விண்டோஸ் விசையோடு எக்ஸ் அழுத்தி டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதன் கீழ் உள்ள கார்டின் மீது ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் போய், டீடெயில்ஸ் பக்கத்தில் ‘ஹார்டுவேர் ஐடிஸ்’ என்று தேர்ந்தெடுத்தால் முதல் வரியிலேயே வரும். ‘வென்’ என்பதற்குப் பின்னால் இருப்பது சிப் தயாரிப்பாளரின் எண்: என்விடியாவுக்கு 10டிஇ, ஏஎம்டிக்கு 1002, இன்டெலுக்கு 8086. ‘டெவ்’ என்பதற்குப் பின்னால் வரும் நான்கு இலக்கம்தான் சிப்பின் அடையாளம். ஒரே தெருவில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் தபால்காரர் கதவு எண்ணைப் பார்ப்பதுபோல, டிரைவர் தேடுகிறவர் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

எங்கள் மூன்று கணினிகளில் டெவ் எண் 1287. அது ஜிகே208 சிப். என்விடியாவின் கெப்ளர் தலைமுறை, 28 நானோமீட்டர் தயாரிப்பு, 384 கோர். மற்ற இரண்டிலும் 0எஃப்02. அது ஜிஎஃப்108 சிப். அதற்கு முந்தைய ஃபெர்மி தலைமுறை, 40 நானோமீட்டர் தயாரிப்பு, 96 கோர். கார்டின் உள்விவரத்தைப் படிக்கும் ஜிபியு-இசட் மென்பொருளும் இதையேதான் காட்டுகிறது. ஐந்து கணினிகளின் ஸ்கிரீன்ஷாட்டையும் அச்செடுத்து இணைத்துள்ளோம். இவை போலிக் கார்டுகள் என்று நாங்கள் சொல்லவில்லை. 2014-இல் ஜிடி 730 வெளிவந்தபோதே இந்த இரண்டு சிப்பும் அதே பெயரில்தான் வந்தன. அசெம்பிள் செய்து விற்கும் தங்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்ததால்தான் விலைப்புள்ளியில் 384 கோர் என்று போட்டிருக்கிறீர்கள்.

அந்த இரண்டு கார்டுகளின் அட்டைப் பெட்டியில் ‘128 பிட்’ என்று பெரிய எழுத்தில் இருப்பதைக் காட்டி, இதுதான் உசத்தி என்றும் கிளையில் சொன்னார்கள். பிட் என்பது மெமரிப் பாதையின் அகலம். கடையில் விற்கும் ஜிடி 730 வரிசையில் 128 பிட் என்றாலே அது ஃபெர்மி. கெப்ளர் வகை இரண்டுமே 64 பிட். பிட் கூடுதலாக இருப்பது நல்லதுதான், ஆனால் மெமரி வகையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 128 பிட் டிடிஆர்3 நொடிக்கு 28.8 ஜிபி தருகிறது. நாங்கள் கேட்ட 64 பிட் ஜிடிடிஆர்5 நொடிக்கு 40 ஜிபி தருகிறது. 64 பிட் டிடிஆர்3 கார்டோடு ஒப்பிட்டால் மெமரி வேகத்தில் ஃபெர்மிதான் முந்தும், அதை மறுக்கவில்லை. ஆனால் நாங்கள் பணம் கொடுத்தது அதற்கல்ல.

டிரைவரில்தான் பெரிய சிக்கல். ஃபெர்மிக்கு என்விடியா தந்த வழக்கமான கடைசி டிரைவர் 2018 மார்ச்சில் வந்த 391.35. அதற்குப் பிறகு முக்கியமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2019 ஜனவரியோடு முடிந்துவிட்டன. கெப்ளருக்கு 470 வரிசை கிடைத்தது. வழக்கமான டிரைவர் 2021-இல் நின்றாலும் பாதுகாப்புத் திருத்தம் 2024 செப்டம்பர் வரை வந்தது. தங்கள் இணையதளத்தின் உதவிப் பக்கத்திலோ ‘ஜிடி 730’ என்று ஒரே வரி, ஒரே டவுன்லோடு. அது 470 வரிசை. அதை இந்த இரண்டு கணினிகளில் ஓட்டினால், பொருத்தமான கிராபிக்ஸ் ஹார்டுவேர் எதுவும் இல்லை என்று இன்ஸ்டாலர் நின்றுவிடுகிறது. நிற்கத்தான் செய்யும், அந்தத் தொகுப்பில் 0எஃப்02 என்ற எண்ணே கிடையாது. இதைச் சரிபார்ப்பது எளிது: இன்ஸ்டாலர் முதலில் சி டிரைவில் என்விடியா என்ற ஃபோல்டரில் விரியும். அதற்குள் டிஸ்ப்ளே டிரைவர் ஃபோல்டரில் உள்ள ஐஎன்எஃப் ஃபைல்களை நோட்பேடில் திறந்து டெவ் எண்ணைத் தேடினால் போதும். எண் இல்லையென்றால் அந்த டிரைவர் அந்தக் கார்டுக்கு இல்லை.

தங்கள் சேவைப் பிரிவில் இருந்து வந்த பதில் ஒவ்வொன்றும் ‘லேட்டஸ்ட் டிரைவர் போடுங்கள்’ என்பதுதான். ஹார்டுவேர் ஐடி என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. பழைய கார்டுக்கு லேட்டஸ்ட் டிரைவர் என்றால், அந்தச் சிப்பை ஆதரித்த கடைசிப் பதிப்பு என்றுதான் பொருள். தங்கள் ஆட்கள் குழம்பிய இன்னொரு இடம் பதிப்பு எண். டிவைஸ் மேனேஜரில் 23.21.13.9135 என்று வருவதைப் பார்த்து இது என்விடியா டிரைவரே இல்லை என்றார்கள். கடைசி ஐந்து இலக்கத்தை எடுத்து, மூன்றாவதற்குப் பின் புள்ளி வைத்தால் 391.35. அதுதான் சரியான டிரைவர். விண்டோஸ் அப்டேட் தானாகவே ஏற்றியிருந்தது. அதைத் தங்கள் டெக்னீஷியன் அழித்துவிட்டார்.

அழித்துவிட்டு அவர் செய்ததை விவரமாகவே எழுதுகிறோம், தங்கள் கவனத்துக்கு வர வேண்டியது அதுதான். 470 டிரைவரின் ஐஎன்எஃப் ஃபைலைத் திருத்தி 0எஃப்02 எண்ணை அவராகச் சேர்த்தார். ஃபைல் மாறியதால் டிஜிட்டல் கையொப்பம் செல்லாமல் போனது. விண்டோஸ் அதை ஏற்க வேண்டுமே என்று பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்பில்), நம்பகமான நிரல்களை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட்டை அணைத்து, கையொப்பச் சோதனையைத் தளர்த்தும் டெஸ்ட் மோடை இயக்கினார். திரையின் வலது கீழ் மூலையில் ‘டெஸ்ட் மோட்’ என்ற எழுத்து இன்றைக்கும் நிற்கிறது. பட்டியலில் எண்ணைச் சேர்ப்பதால் அந்தச் சிப்பை இயக்கும் நிரல் டிரைவருக்குள் வந்துவிடாது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும் கோட் 43 என்ற பிழைச் செய்தியும்தான் மிச்சம். இந்த இரண்டு கணினிகளிலும் கையொப்பமில்லாத டிரைவர்களைத் தடுக்கும் காவல் இப்போது இல்லை. வாடிக்கையாளர்களின் பென் டிரைவ் நாள் முழுக்கச் செருகப்படும் ஒரு கூடத்தில் இது எவ்வளவு ஆபத்து என்பதைத் தாங்களே எண்ணிப் பாருங்கள்.

அதன் பிறகு, ‘இப்போது டிஸ்ப்ளே வருகிறது’ என்று சொல்லிப் போனார். வந்தது எப்படி என்றால், மானிட்டர் கேபிளைக் கார்டிலிருந்து பிடுங்கி மதர்போர்டில் செருகியிருந்தார். கேபினட்டின் பின்புறம் யுஎஸ்பி துளைகளை ஒட்டி மேலே செங்குத்தாக இருப்பவை மதர்போர்டின் போர்ட்டுகள்; கீழே படுக்கைவாட்டில் இருப்பவை கார்டினுடையவை. கீழே மூன்று போர்ட்டும் காலி. மேலே உள்ள ஒன்றில் கேபிள். கார்டு இருக்கும்போதே இன்டெல் கிராபிக்ஸும் வேலை செய்யட்டும் என்று பயாஸில் மல்டி மானிட்டரை வேறு இயக்கி வைத்திருக்கிறார். டிஸ்ப்ளே அடாப்டர்ஸில் வென் 8086 தோன்றியதன் காரணம் இதுதான். காசு கொடுத்து வாங்கிய கார்டு உள்ளே சும்மா கிடந்து கரண்ட் தின்கிறது.

ஐந்து கணினிகளுக்கும் ஒரே டிஸ்க் இமேஜை (விண்டோஸும் மென்பொருள்களும் அடங்கிய முழு நகலை) குளோன் செய்திருக்கிறீர்கள் என்பதும் தெரிகிறது. எல்லாவற்றிலும் 470 டிரைவர் முன்கூட்டியே இருந்தது. ஃபெர்மி கணினிகள் அதனால்தான் முதல் நாளே, சரியான டிரைவர் இல்லாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டரில், 1024-க்கு 768 அளவில் எழுந்தன. அதே இமேஜில் டிரைவர்களைத் தானாகப் புதுப்பிப்பதாகச் சொல்லும் ஒரு மூன்றாம் தரப்பு மென்பொருளும் இருக்கிறது. அப்படிப்பட்டதை வாடிக்கையாளர் கணினியில் கேட்காமல் வைப்பது தவறு. சிப் தயாரிப்பாளரின் தளமும் விண்டோஸ் அப்டேட்டும் இருக்க, டிரைவருக்கு மூன்றாவது ஆள் தேவையில்லை.

எங்கள் வேலைக்கு இதனால் வரும் நட்டம் கோர் எண்ணிக்கையோடு முடியவில்லை. குடா என்பது மென்பொருள்கள் கார்டின் கோர்களில் கணக்கிட உதவும் என்விடியாவின் தொகுப்பு. ஃபெர்மியை ஆதரித்த கடைசிக் குடா பதிப்பு 8. 2017-இல் வந்த 9-லேயே அதைக் கைவிட்டார்கள். ஜிகே208-க்கோ 11 வரை வழி உண்டு. ஆகவே குடா 9 அல்லது அதற்கு மேல் கேட்கும் வீடியோ, படத்திருத்த மென்பொருள் எதுவும் இந்த இரண்டு கணினிகளில் கார்டைத் தொடவே தொடாது. வேலை முழுக்க சிபியு மேல் விழுகிறது. சூடும் அப்படித்தான்: ஃபெர்மி வகைக்கு 49 வாட், கெப்ளர் ஜிடிடிஆர்5 வகைக்கு 25 வாட். கத்திரி வெயிலில் வேலூரில் ஃபேன் இல்லாத ஹீட்சிங்க்கோடு 49 வாட் கார்டு ஓடுவது, அதை விற்கிறவர் முன்பே யோசித்திருக்க வேண்டிய விஷயம்.

ஆகவே, இரண்டு கார்டுகளையும் டெவ் எண் 1287 உள்ள, 2 ஜிபி ஜிடிடிஆர்5 ஜிடி 730 கார்டுகளாக மாற்றித் தரும்படி கேட்டுக்கொள்கிறோம். பொருத்தும்போது எங்கள் முன்னிலையில் ஹார்டுவேர் ஐடியைத் திறந்து காட்ட வேண்டும். பெட்டியின் எழுத்தையோ கார்டின் ஸ்டிக்கரையோ நாங்கள் ஏற்கமாட்டோம். மாற்றித் தரும் வரை கணினிகள் ஓட வேண்டுமென்பதால், டிரைவரைச் சரிசெய்ய ஒருவரை அனுப்புங்கள். அவர் இணையக் கேபிளைப் பிடுங்கிவிட்டு, சேஃப் மோடில் டிடியு மென்பொருளால் என்விடியா டிரைவரை முழுதாகத் துடைத்து, டெஸ்ட் மோடை அணைத்து, செக்யூர் பூட்டைத் திரும்ப இயக்கி, மானிட்டரைக் கார்டில் செருகி, என்விடியா தளத்தில் இறக்கிய 391.35-இன் விண்டோஸ் 10, 64 பிட் தொகுப்பை ஏற்ற வேண்டும். ஐஎன்எஃப் ஃபைலில் கை வைக்கக் கூடாது.

தங்கள் உதவிப் பக்கத்தில் ஜிடி 730 என்பதை 1287, 0எஃப்02 என்று இரண்டு வரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய டிரைவரைத் தனித்தனியே வையுங்கள். இதே இமேஜோடு குடியாத்தத்திலும் ஆற்காட்டிலும் ஆரணியிலும் எத்தனை கடைகளுக்குத் தங்கள் கணினி போயிருக்குமோ, அவர்களுக்கும் அது உதவும். இனி தரும் பில்லில் சிப் பெயரையும் மெமரி வகையையும் சேர்த்தே எழுதுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும். சுயதொழிலாக இக்கூடத்தை நடத்தும் நாங்கள் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோரே. எழுதிக் கொடுத்தது ஒன்று, பொருத்தியது வேறொன்று என்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்போம்.

இணைப்பு: விலைப்புள்ளி, பில் நகல், ஐந்து கணினிகளின் ஹார்டுவேர் ஐடி, ஜிபியு-இசட் அச்சுகள், டெஸ்ட் மோட் தெரியும் திரையின் படம், கேபினட் பின்புறப் படம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கூடத்தின் உரிமையாளர்கள்,
வேலூர்.