மேர்ள் ஓபரோனை வளர்த்தவர் ஓர் இலங்கைப் பெண்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு சினிமாப் பக்கத்தில் ஹொலிவூட்டின் பழைய பேரழகி மேர்ள் ஓபரோனைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். நாலு கலியாணம், கணக்கில்லாக் காதல், கடைசியில் 'பெற்ற தாயை வேலைக்காரியாக்கிய நன்றிகெட்டவள்' என்ற பட்டம். அந்த 'வேலைக்காரி' எந்த ஊர் என்று ஒரு சொல் இல்லை. சார்லட் செல்பி என்ற அந்தப் பெண் இலங்கையைச் சேர்ந்தவர். கலப்பு வம்சம், எங்களைப்போல.

நான் மட்டக்களப்பில், ஐரோப்பியக் கலப்பு வம்சத்தவரான பறங்கியர் குடும்பத்தில் பிறந்தவள். அப்பப்பா தச்சுத் தொழில் செய்தவர். பெரியவர்கள் தங்களுக்குள் போர்த்துக்கீசு பேசுவார்கள், நாங்கள் தமிழில் படித்து வளர்ந்தோம். நானும் முப்பது வருடம் தமிழில்தான் படிப்பித்தேன்.

'பெற்ற தாய்' என்பதே பிழை. மேர்ள் 1911இல் பம்பாயில் பிறந்தவர். பெற்றவள் சார்லட்டின் மகள் கொன்ஸ்டன்ஸ், அப்போது அவளே ஒரு சிறுமி. சார்லட்டோடு வாழ்ந்த வெள்ளைக்காரர்தான் அந்தக் குழந்தைக்கும் தகப்பன். எழுதவே கை கூசுகிறது. ஊர் வாய்க்கு அஞ்சி, பேத்தியைத் தன் மகளென்று சொல்லிச் சார்லட்டே வளர்த்தார். பெற்றவள் அக்காவானாள்.

லண்டனுக்குப் போய், 1933இல் இயக்குநர் அலெக்சாண்டர் கோர்டாவின் படத்தில் இங்கிலாந்து அரசி ஆன் பொலினாக நடித்ததும் மேர்ளின் பெயர் எழும்பியது. பிறந்த ஊர் அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியா என்று விளம்பரக்காரர் எழுதினார்கள். யாரும் போய் விசாரிக்க முடியாத தூரம். உண்மை தெரிந்திருந்தால் வேலை போயிருக்கும். வெள்ளையரும் வெள்ளையரல்லாதாரும் காதலிப்பதைத் திரையில் காட்ட விடாத விதிகள் ஹொலிவூட்டில் இருந்த காலம் அது. இந்தியர் அமெரிக்கக் குடியுரிமை பெறவே 1946 வரை வழியில்லை. அப்படியான இடத்தில், 1935ஆம் ஆண்டுப் படமொன்றுக்காகச் சிறந்த நடிகைக்கான ஒஸ்கார் பரிந்துரை பெற்றார் சார்லட்டின் பேத்தி. சார்லட் அதே வீட்டில் வேலைக்காரி என்ற பெயரோடு இருந்து 1937இல் கண்ணை மூடினார்.

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. 1960களில் என் பெரியம்மா அவுஸ்திரேலியாவுக்கு விண்ணப்பித்தபோது ஐரோப்பிய வம்சம் என்று காட்ட வேண்டியிருந்தது. அவரிடம் இருந்த ஒரே குடும்பப் படத்தில் பக்கத்தில் அம்மம்மா நின்றா. அம்மம்மா நல்ல கறுப்பு. பெரியம்மா கத்தரிக்கோலால் நேராக வெட்டினார். ஆனால் தோளில் வைத்திருந்த கையை வெட்ட முடியவில்லை. நாலு விரல், ஒன்றில் மெல்லிய மோதிரம். வெட்டின துண்டை அம்மா எறியாமல் வேதப்புத்தகத்துக்குள் வைத்திருந்தா. 2004 சுனாமியில் மட்டக்களப்பு டச்பாரில் இருந்த எங்கள் வீட்டோடு அதுவும் போய்விட்டது. இன்றைக்கு அம்மம்மாவின் உருவமென்று மிஞ்சியிருப்பது மெல்பேர்னில் உள்ள அந்தக் கை மட்டும்தான். பெரியம்மா அம்மம்மா சாகுமட்டும் மாதம் தவறாமல் காசு அனுப்பினவர். அவரை நன்றிகெட்டவள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மேர்ளும் மறக்கவில்லை. 1949இல் பழைய புகைப்படமொன்றைக் கொடுத்துச் சார்லட்டை ஓவியமாக வரைவித்தார். நிறத்தை மட்டும் வெளுப்பாக்கச் சொன்னார். அந்தப் படம் சாகும்வரை அவர் வீட்டுச் சுவரில் தொங்கியது.

காதல்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1937இல் கார் விபத்தில் மேர்ளின் முகத்தில் காயம் பட்டது. பிறகு ஒளிப்பதிவாளர் லூசியன் பல்லார்ட், அந்த வடு தெரியாதபடி கமராவோடு பொருத்தும் சிறு விளக்கொன்றைச் செய்தார். முதல் கணவர் கோர்டாவைப் பிரிந்த மேர்ள், 1945இல் பல்லார்டையே மணந்தார். 1949இல் இத்தாலியப் பிரபு ஜியோர்ஜியோ சீனி, கான் நகரில் இவரிடம் விடைபெற்று ஏறிய விமானம், இவர் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே விழுந்தது. 'கணக்கில்லாக் காதல்' என்று எழுதினவர் இதையும் எழுதியிருக்கலாம்.

அதே ஞாயிறு இதழில், இரண்டு பக்கம் தள்ளி, மணமகள் தேவை விளம்பரங்களில் 'வெள்ளை நிறமான' என்ற சொல்லை ஏழு இடத்தில் கண்டேன். 1978இல் தஸ்மேனியாவில் 'எங்கள் ஊர்ப் பெண்' என்று வரவேற்பு வைத்தபோது கூட மேர்ளால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. அடுத்த வருடம் இறந்துபோனார்.

தயவுசெய்து ஒரு திருத்தம் போடுங்கள். இனி மேர்ளின் படத்தைப் பிரசுரிக்கும்போது, வளர்த்தவர் சார்லட் செல்பி, இலங்கை, என்று அடியில் ஒரு வரி சேருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மட்டக்களப்பு.