ஆயாவை யாரும் விரட்டவில்லை: நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு வரும் அம்மா அப்பாமார்களுக்கும், கூடவே வரும் ஆயா தாத்தாமார்களுக்கும், சொந்தமாகவே ஸ்கேட்போர்டுப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து சேரும் நம் பையன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் வணக்கம்.

பள்ளி விடுமுறையில் நம் ஸ்கேட் பார்க்கில் நடந்ததைப் பற்றி ஒரு வாய்ஸ் நோட் சுற்றிக்கொண்டிருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். இங்கே டர்பனில் சாட்ஸ்வர்த்தில் தொடங்கி ஃபீனிக்ஸ், டொங்காட் வரை போய்விட்டது. கோயில் வாட்ஸ்அப் குழுக்களிலும் வந்ததாம். பேரனின் பிறந்தநாளுக்கு வந்த ஒரு ஆயாவை இங்கே வேலை செய்யும் பையன் எல்லார் முன்னாலும் கத்தினான், கையைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினான், பெரியவர்களுக்கு மரியாதை தெரியாத இடம், பிள்ளைகளை அங்கே அனுப்பாதீர்கள் என்று அதில் சொல்லப்படுகிறது. சிலர் என்னிடம் நேரில் வந்து கேட்டார்கள். அவர்களுக்கு நன்றி. கேட்காமல் மனதில் வைத்திருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவன் கத்தியது உண்மை. கையைப் பிடித்து இழுத்ததும் உண்மை. ஆனால் ஆயா அப்போது எங்கே நின்றுகொண்டிருந்தார் என்பதை அந்த வாய்ஸ் நோட் சொல்லவில்லை.

உள்ளே நுழைந்ததும் இடது கைப்பக்கம் இருக்கும் ஆறடி ரேம்ப் உங்களுக்குத் தெரியும். எதிரெதிராக இரண்டு சரிவுகள், அவற்றின் உச்சியில் மேடைகள், நடுவில் சமதரை. பேரன் ஒரு பக்கத்து மேடையில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு நின்றான். அவனைக் கிட்டே நின்று வீடியோ எடுக்க வேண்டும் என்ற ஆசையில் ஆயா வேலிக்கதவைத் திறந்துகொண்டு அந்தச் சமதரைக்கே வந்துவிட்டார். பேரன் மேல் உள்ள பாசம்தான், வேறொன்றுமில்லை. ஆனால் அதே நேரத்தில் எதிர்மேடையிலிருந்து இன்னொரு பையன் இறங்கிவிட்டான்.

இறங்குவது என்றால் என்ன என்று ஸ்கேட் செய்யாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ரேம்ப்பின் மேல் விளிம்பில் ஒரு இரும்புக் குழாய் ஓடும், அதைக் கோப்பிங் என்போம். பலகையின் வாலை அதில் ஊன்றி, பின்காலால் அழுத்திப் பிடித்து, முன்காலை வைத்ததும் உடம்பின் பாரம் முழுவதையும் முன்னால் சாய்க்க வேண்டும். பாதியில் பயந்து பின்னால் சாய்ந்தால் பலகை முன்னே ஓடிவிடும், பிள்ளை மல்லாந்து விழும். அதனால் இறங்கத் தொடங்கிய பிள்ளையால் நிற்க முடியாது. பிள்ளைகள் காலால் உந்தி ஓட்டும் ஸ்கூட்டருக்காவது பின்சக்கரத்தின் மேல் மிதிக்க ஒரு பிரேக் இருக்கிறது. ஸ்கேட்போர்டுக்கு அதுவும் கிடையாது. ஆறடி உயரத்திலிருந்து உருண்டு வருகிறவன் அடிக்கு வரும்போது வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரை ஒட்டி இருக்கும். அதாவது ஒரு நொடியில் ஐந்து மீட்டருக்கு மேல். நம் ரேம்ப்பின் சமதரை அத்தனை அகலம் இல்லை.

அந்த ஒரு நொடிக்குள் என்ன சொல்லலாம்? "ஆயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று பணிவாகச் சொல்லி முடிப்பதற்குள் பையன் வந்து மோதியிருப்பான். கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியை நோக்கிக் குழந்தை கை நீட்டினால் நம் வீட்டில் என்ன செய்வோமோ, அதைத்தான் இங்கே வேலை செய்யும் நம் தம்பி செய்தான். அலறினான், பாய்ந்து கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தான். இறங்கி வந்த பையனும் ஆயாவைப் பார்த்ததும் பலகையை விட்டுக் குதித்துவிட்டான். குதித்ததும் பலகை தன் பாட்டில் பறந்து போய் வேலியில் மோதியது. ஏழு அடுக்கு மேப்பிள் பலகை, அதன் அடியில் சக்கரங்களைத் தாங்கும், அலுமினியமும் இரும்பும் சேர்ந்த ட்ரக்குகள். அது பறப்பது கணுக்கால் உயரத்தில். வயதானவர்கள் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் மறுபடி எழுந்து நடமாட என்ன பாடு படுகிறார்கள் என்று நம் எல்லார் வீட்டிலும் பார்த்திருக்கிறோம்.

அன்று மாலையே நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஆயா என்னை உட்காரவைத்து டீ கொடுத்தார். அவருக்குக் கோபம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. பயந்துபோயிருந்தார், கையில் லேசாக வலி இருந்தது. தம்பி எப்படி இருக்கிறான் என்று அவர்தான் முதலில் கேட்டார். அந்த வாய்ஸ் நோட்டை அனுப்பியதும் அவர் இல்லை. ஆயா பட்ட பயத்துக்கும் வலிக்கும் நான் உண்மையாகவே வருந்துகிறேன். ஆனால் தம்பி கத்தியதற்காக அவனைக் கண்டிக்கச் சொன்னால் என்னால் முடியாது. நாளைக்கு உங்கள் ஆயா அங்கே நின்றாலும் இங்கே ஒருவன் கத்தத்தான் வேண்டும்.

கட்டணம் அதிகம், கழிப்பறை சின்னது, ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தாங்கவில்லை என்றெல்லாம் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். பெரியவர்களுக்கு மரியாதை இல்லாத இடம் என்ற சொல் மட்டும் மனதை அறுக்கிறது. வேடிக்கை பார்க்க வருகிற பெரியவர்களிடம் நாங்கள் ஒருநாளும் காசு வாங்கியதில்லை. மாடியில் மின்விசிறிக்குக் கீழே நல்ல நாற்காலிகள் போட்டிருப்பது அவர்களுக்காகத்தான். புரட்டாசி வந்தால் கேண்டீனில் இறைச்சி கிடையாது, ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் கறி நிரப்பிய பன்னி சவ்தான். விரதம் இருக்கிற ஆயா பேரனோடு உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட வேண்டும் என்று யோசித்துச் செய்தது அது. காவடிக்கு முந்தின வாரம் பெரியவர்கள் வந்து உட்கார்ந்து ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது, இது ஸ்கேட் பார்க் என்பதே எனக்குச் சில நேரம் மறந்துவிடும்.

அப்புறம், இந்த விளையாட்டே வயதானவர்களைத் தள்ளிவைக்கிற விளையாட்டு இல்லை. ஒலிம்பிக்ஸில் ஸ்கேட்போர்டிங் முதன்முதலாக வந்தது டோக்கியோவில், 2021-இல். அங்கே நம் தென்னாப்பிரிக்காவுக்காக இறங்கியவர்களில் ஒருவர் டல்லாஸ் ஓபர்ஹோல்சர். அப்போது அவருக்கு 46 வயது. 2024-இல் பாரிஸுக்கும் போனார், 49 வயதில். அதே போட்டியில் பிரிட்டனுக்காக வந்த ஆண்டி மெக்டொனால்டுக்கு 51. ஓபர்ஹோல்சர் நம் மாகாணத்துக்குப் புதியவரும் இல்லை. ஆயிரம் மலைப் பள்ளத்தாக்கில் இசிதும்பா கிராமத்துப் பிள்ளைகளுக்கு ரேம்ப் அமைத்துக் கொடுத்தவர் அவர். நம் பார்க்கில் சனிக்கிழமை காலையில் மகளோடு சேர்ந்து கற்றுக்கொள்கிற அப்பாக்களும் இருக்கிறார்கள். முடி நரைத்தவர் பலகையில் ஏறினால் இங்கே யாரும் சிரிப்பதில்லை, கைதான் தட்டுவார்கள். பலகையில் ஏறட்டும், மாடியில் உட்காரட்டும், இரண்டுக்கும் இடம் இருக்கிறது. சமதரையில் மட்டும் யாருக்கும் இடமில்லை, எனக்கும் சேர்த்துத்தான்.

இனி வேலிக்கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கும். உங்கள் பிள்ளையைக் கிட்டே இருந்து படம் எடுக்க வேண்டும் என்றால் போனை எங்கள் ஆட்களிடம் கொடுங்கள். எங்கே நிற்க வேண்டும், எப்போது நகர வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். மாடியிலிருந்து எடுப்பதைவிட நன்றாகவே எடுத்துத் தருவார்கள்.

பெரிய பையன்கள் சின்னவர்களைப் பார்த்துக் கத்துகிறார்கள் என்றும் அந்த வாய்ஸ் நோட்டில் ஒரு வரி வருகிறது. "ட்ராப்பிங்!" என்று அவர்கள் சத்தம் போடுவது நான் இறங்குகிறேன் என்ற எச்சரிக்கை. அது திட்டு இல்லை. ஒரு ரேம்ப்பில் ஒரு நேரத்தில் ஒருவர்தான், மற்றவர்கள் மேடையில் முறைக்குக் காத்திருக்க வேண்டும். முறையை மீறிக் குறுக்கே புகுகிறவர் யாராக இருந்தாலும் எங்கள் ஆட்கள் நிறுத்துவார்கள். ஸ்கூட்டர்களுக்கு வேறு நேரம் வைத்திருப்பதும் இதற்காகத்தான். ஸ்கூட்டர் போகும் பாதை வேறு, ஸ்கேட்போர்டு போகும் பாதை வேறு. இருவரும் ஒன்றாக இறங்கினால் யார் எந்தப் பக்கம் திரும்புவார் என்று இன்னொருவருக்குத் தெரியாது.

ஹெல்மெட் விஷயத்தையும் கேட்கிறீர்கள். வீட்டிலிருந்து கொண்டுவரும் சைக்கிள் ஹெல்மெட் வெளியே பளபளவென்று இருக்கலாம். ஆனால் அதன் உள்ளே இருக்கிற நுரை ஒரு முறை பலமாக அடிபட்டு நசுங்கிவிட்டால் அடுத்த அடியைத் தாங்காது. அதனால்தான் பார்த்துவிட்டு உள்ளே விடுகிறோம். சரியில்லை என்றால் எங்களுடையதைத் தருகிறோம், அதற்குக் காசு இல்லை.

சரி, கட்டணம். கடற்கரையில் பே ஆஃப் பிளெண்டி பக்கத்து ஸ்கேட் பார்க்கில் காசே இல்லாமல் விளையாடலாம், இங்கே எதற்குக் காசு என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அது நல்ல இடம், நானே பிள்ளைகளை அங்கே போகச் சொல்வேன். அது திறந்தவெளியில் காங்கிரீட், நம்முடையது கூரைக்குக் கீழே மரம். மரத்தில் விழுந்தால் அடி கொஞ்சம் குறைவு, டிசம்பர் ஜனவரியில் மத்தியானம் இடியும் மழையும் வந்தால் ஓட வேண்டியதில்லை. ஆனால் டர்பன் காற்றில் ஈரம் எப்போதும் இருக்கிறது. ப்ளைவுட் அதை உறிஞ்சி உப்பும், குளிர்காலத்தில் காயும், ஸ்குரூக்கள் தலையைத் தூக்கும். பார்க் ஸ்கேட்போர்டின் சக்கரம் ஐம்பத்துச் சொச்சம் மில்லிமீட்டர்தான், அதுவும் கல் மாதிரி இறுக்கம். தூக்கிய ஒரு ஸ்குரூத் தலை, ஏன், வாசலிலிருந்து செருப்பில் ஒட்டி வந்த ஒரு பொடிக்கல் போதும், சக்கரம் அங்கேயே நின்றுவிடும். பிள்ளை மட்டும் முன்னே பறக்கும். அதனால்தான் தினமும் கதவு திறப்பதற்கு முன்னால் ரேம்ப் முழுவதையும் கையால் தடவிப் பார்க்கிறோம், வெளிச் செருப்போடு யாரையும் மேலே ஏற விடுவதில்லை. மேல்பலகையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பிர்ச் ப்ளைவுட் வெளிநாட்டிலிருந்து வருகிறது, ராண்ட் விழும்போதெல்லாம் அதன் விலை ஏறுகிறது. இன்ஷூரன்ஸும் அப்படியே. ஆகவே அடுத்த மாதம் முதல் ஒரு ஆளுக்கு 20 ராண்ட் கூடுகிறது. நுரைக்குழியும் புது நுரை வரும் வரை மூடியிருக்கும்.

கத்திய தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை. அவன் போய்விட்டான். நான் அனுப்பவில்லை, எவ்வளவோ சொல்லியும் நிற்கவில்லை. தன் அம்மாவுக்கே அந்த வாய்ஸ் நோட் வந்துவிட்டது என்று சொன்னான். உங்கள் பிள்ளைகளில் எத்தனையோ பேரை இரண்டு கையையும் பிடித்து முதன்முதலாக ரேம்ப்பில் இறக்கியவன் அவன். யாராவது பயந்து அழுதால் பக்கத்திலேயே சரிவில் உட்கார்ந்து, பயம் தெளியும் வரை பேசிக்கொண்டிருப்பான். அவனைத் தெரிந்தவர்கள் வழியில் பார்த்தால் இரண்டு நல்ல வார்த்தை சொல்லுங்கள். ஞாயிறு தொடக்க வகுப்பு இப்போதைக்கு இல்லை, வேறு ஆள் கிடைத்ததும் சொல்கிறேன்.

இத்தனைக்கும் நடுவில் நீங்கள் செய்ததை மறக்க மாட்டேன். 2023-இல் மின்சாரம் ஒரு நாளைக்குப் பல மணி நேரம் போய்க்கொண்டிருந்தபோது, ஜெனரேட்டர் டீசலுக்கென்று கேட்காமலே முன்கட்டணம் கட்டினீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நம் பார்க் இருக்கும் கிடங்குக்குள் சேறு புகுந்தபோது பிள்ளைகளோடு வந்து வாளியும் துடைப்பமுமாக நின்றீர்கள். இந்த வாய்ஸ் நோட் வந்த பிறகும் அடுத்த சனிக்கிழமையே ஆயாமார்களைக் கூட்டிக்கொண்டு வந்து மாடியில் உட்காரவைத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முகம் ஒவ்வொன்றும் எனக்கு நினைவிருக்கிறது. உங்கள் நம்பிக்கையில்தான் இந்தக் கதவு திறந்திருக்கிறது.

சந்தேகம் இருப்பவர்கள் யாராக இருந்தாலும் ஒரு சனிக்கிழமை காலை என்னை வந்து பாருங்கள். மாடியில் நின்று அந்த ரேம்ப்பில் பிள்ளைகள் இறங்குவதைக் காட்டுகிறேன். அந்த வாய்ஸ் நோட்டை அனுப்பியவரும் வரலாம், அவருக்கும் டீ உண்டு.

அன்புடன்,
பார்க் உரிமையாளர்
டர்பன்