தரை டிக்கெட்டில் ஷேக்ஸ்பியர்

ஆசிரியருக்கு வணக்கம்.

வெளிநாட்டுப் படிப்பு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரைக்கு ஒரு வாசகர் பதில் எழுதியிருந்தார். அம்மா அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கடன் வாங்கிப் படிக்க அனுப்பினால் பிள்ளைகள் அங்கே ஊர் சுற்றிப் போட்டோ போடுகிறார்கள் என்பது அந்த வாசகரின் வருத்தம். அப்படிப் போட்டோ போட்ட பிள்ளைகளில் நானும் ஒருத்தி. ஊர் திருமங்கலம். இப்போது இங்கிலாந்தில் கவென்ட்ரியில் முதுகலை படிக்கிறேன். கல்விக் கடன் எனக்கும் இருக்கிறது. அதனால் லண்டன் போய் ஷேக்ஸ்பியர் நாடகம் பார்த்த ஒரே ஒரு நாளின் கணக்கை மட்டும் எழுதிவிடுகிறேன்.

போன கோடையில் ஒரு சனிக்கிழமை. விடியற்காலைப் பஸ்ஸில் லண்டன் விக்டோரியா நிலையத்துக்குப் போனேன். போக வர 14 பவுண்டு, மூன்று வாரத்துக்கு முன்பே பதிவு செய்ததால் அந்த விலை. கையில் எலுமிச்சை சாதம், தண்ணீர் பாட்டில். பக்கிங்ஹாம் அரண்மனையை வேலிக்கு வெளியிலிருந்து பார்த்தேன். பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. பக்கத்துப் பூங்காவில் கூழைக்கடா நிற்பதுதான் எனக்கு ஆச்சரியம். அப்புறம் டிராஃபால்கர் சதுக்கத்தில் தேசிய ஓவியக்கூடம். வான்கோவின் சூரியகாந்தி ஓவியங்களில் ஒன்று அங்கே இருக்கிறது, பார்க்கக் காசு கிடையாது. லண்டனின் பெரிய அருங்காட்சியகங்கள் பலவற்றுக்கும் இப்படித்தான் நுழைவுக் கட்டணம் இல்லை. நம் ஊரில் யாரும் இதைச் சொல்லி அனுப்புவதில்லை.

சிவப்புப் பஸ்ஸில் ஏற அப்போது 1.75 பவுண்டு. ஒரு மணி நேரத்துக்குள் இன்னொரு பஸ் ஏறினால் அதற்குக் காசு இல்லை. அப்படி மாறி மாறி ஏறி செயின்ட் பால்ஸ் பேராலயம் போனேன். உள்ளே போகக் கட்டணம் அதிகம். எனவே படிக்கட்டில் உட்கார்ந்து சாதத்தைச் சாப்பிட்டேன். எதிரே நேராகப் போனால் தேம்ஸ் மேல் மிலேனியம் பாலம். 2000 ஜூனில் திறந்து, ஆட்கள் நடந்த நடையில் பக்கவாட்டில் ஆடியதால் இரண்டே நாளில் மூடி, சரிசெய்து 2002-இல் மறுபடி திறந்த பாலம். இப்போது ஆடவில்லை. ஆடினால் நன்றாயிருக்குமே என்று கொஞ்சம் ஏமாற்றம்.

பாலத்தைத் தாண்டி இறங்கினால் இடது கைப்பக்கம் வெள்ளைச் சுவரும் நாணல் கூரையுமாக வட்டமாக ஒரு கொட்டகை. அதுதான் ஷேக்ஸ்பியர் நாடகங்கள் நடக்கும் குளோப் அரங்கம். நான் வந்தது இதற்காகத்தான்.

ஷேக்ஸ்பியர் காலத்துக் குளோப் 1599-இல் கட்டியது. 1613-இல் நாடகத்தின் நடுவே பீரங்கி வெடிக்க, பொறி கூரையில் விழுந்து மொத்தமும் எரிந்துபோனது. ஒருவருடைய கால்சட்டையில் தீப்பிடித்ததாகவும், பாட்டிலில் இருந்த பீரை ஊற்றி அணைத்ததாகவும் அந்தக் காலத்துக் கடிதம் ஒன்று சொல்கிறது. அடுத்த வருடமே மறுபடி கட்டினார்கள். 1642-இல் நாடகமே கூடாது என்று மதக் கெடுபிடிக்காரர்கள் மூடிவிட்டார்கள். இப்போது இருப்பது பழைய இடத்துக்குச் சற்றுத் தள்ளி 1997-இல் திறந்தது. இதற்காக அலைந்தவர் ஆங்கிலேயர்கூட இல்லை, சாம் வானமேக்கர் என்ற அமெரிக்க நடிகர். 1949-இல் லண்டன் வந்தவர் குளோப் எங்கே என்று தேடிப் போனால், பீர் ஆலைச் சுவரில் ஒரு பலகைதான் இருந்ததாம். பல வருடம் பணம் திரட்டிக் கட்ட ஆரம்பித்து, திறப்பதைப் பார்க்காமல் 1993-இல் இறந்துபோனார். 1666-இல் லண்டன் நகரம் பெருந்தீயில் எரிந்த பிறகு, அங்கே நாணல் கூரை வேய அனுமதி கிடைத்த முதல் கட்டடம் இதுதான் என்கிறார்கள். கூரை மேல் தண்ணீர் பீய்ச்சும் குழாய்களும் வைத்திருக்கிறார்கள். பட்ட அனுபவம்.

சரி, டிக்கெட்டுக்கு வருகிறேன். மேடைக்கு முன்னால் திறந்த முற்றத்தில் 700 பேர் நிற்கலாம். நான் வாங்கிய டிக்கெட் 5 பவுண்டு, நம் காசுக்கு ஐந்நூறு ரூபாய்க்குச் சற்று மேல். சுற்றிலும் மூன்று அடுக்கு மாடத்தில் மர பெஞ்சில் உட்காருகிறவர்கள் கொடுப்பது இதைப்போலப் பல மடங்கு. ஷேக்ஸ்பியர் காலத்திலும் இதே ஏற்பாடுதான்: நிற்க ஒரு பென்னி, உட்கார இன்னொரு பென்னி, மெத்தை வேண்டுமென்றால் மூன்றாவது பென்னி.

எனக்குத் தாத்தா ஞாபகம் வந்தது. டூரிங் டாக்கீஸில் தரை டிக்கெட் எடுத்து, மணலைக் குவித்து அதன் மேல் உட்கார்ந்து, பின்னால் இருப்பவரிடம் திட்டு வாங்கிய கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பார்! திரைக்கு மிக அருகில் இருப்பவர் தரை டிக்கெட்காரர்தான், ஆனால் கழுத்து வலிக்கும். இங்கே கழுத்து வலிக்கவில்லை. மேடை விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். நடிகரின் வியர்வை தெரிகிற தூரம். உண்மையில் இருப்பதிலேயே நல்ல இடம்தான் இருப்பதிலேயே மலிவான இடம். சென்னையில் சபாக்களில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து முகம் தெரியாமல் பார்த்த நாடகங்களை நினைத்துக்கொண்டேன்.

நாடகம் 'காமெடி ஆஃப் எரர்ஸ்'. கப்பல் உடைந்து பிரிந்துபோன இரட்டைப் பிள்ளைகள், அவர்களுக்கு வேலைக்காரர்களும் இரட்டையர்கள், எல்லோரும் ஒரே நாளில் ஒரே ஊரில். அபராதம் கட்டாவிட்டால் பொழுது சாய்வதற்குள் அப்பாவின் தலை போய்விடும். இரட்டை வேடப் படம் பார்த்து வளர்ந்த நமக்குக் கதை புரியாமல் போகுமா? வசனத்தில் பாதி எனக்குப் புரியவில்லை, அது வேறு விஷயம். பட்டப்பகல் வெளிச்சத்தில் நடிகர்கள் எங்களை நேராகப் பார்த்தே பேசினார்கள். ஆள் மாறி அடி வாங்கிய வேலைக்காரர் என்னிடமே நியாயம் கேட்பதுபோல நின்றார். நானும் தலையாட்டிவிட்டேன்.

நடுவில் மழை வந்தது. முற்றத்தில் குடை பிடிக்கக் கூடாது, பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும். எல்லோரும் பிளாஸ்டிக் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு நின்றோம். மாடத்தில் இருந்தவர்கள் நனையவில்லை, பாவம். கால் கடுத்துக் கொஞ்சம் தரையில் உட்கார்ந்தேன். பணியாளர் ஒருவர் வந்து சிரித்தபடியே எழுப்பிவிட்டார். உட்காரவும் கூடாது.

திரும்பும் பஸ்ஸில் போனில் தேடியபோது ஒன்று தெரிந்தது. 2012-இல் இதே மேடையில் ஷேக்ஸ்பியரின் 37 நாடகங்களை 37 மொழிகளில் போட்டிருக்கிறார்கள். இந்தி, குஜராத்தி, வங்காளம், உருது எல்லாம் இருந்தன. தமிழ் இல்லை. ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கி பம்மல் சம்பந்த முதலியார் மேடையேற்றி நூறு ஆண்டுக்கு மேலாகிறது. நம் நாடகக்காரர்கள் யாராவது இதைப் பற்றி உங்கள் இதழில் எழுதினால் படிக்க ஆவலாயிருக்கிறேன். வெளிநாட்டுப் படிப்புக் கட்டுரைகளிலும் விசா, கட்டணம், பகுதிநேர வேலை என்பதோடு நிறுத்தாமல், காசில்லாமல் பார்க்க என்ன இருக்கிறது என்று ஒரு பத்தியாவது போடுங்கள்.

கணக்கு: பஸ்கள் 17.50, நாடகம் 5, ஒரு டீ 3. ஆக 25.50 பவுண்டு. நான் வார இறுதியில் பாத்திரம் கழுவும் சமையலறையில் இது மூன்று மணி நேரக் கூலிக்கும் குறைவு. அந்த வாசகருக்கு இது அதிகம் என்று தோன்றினால் எழுதட்டும், பதில் சொல்கிறேன்.

மேடையில் முழங்கை ஊன்றி நிற்கும் போட்டோவை அன்று ராத்திரியே அம்மாவுக்கு அனுப்பினேன். செலவு பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அவ்வளவு நேரமும் நின்னுக்கிட்டேவா பாத்த? உக்கார ஒரு இடம் குடுக்கலையா உனக்கு?" என்றார்.

இப்படிக்கு,
ஒரு முதுகலை மாணவி,
கவென்ட்ரி, இங்கிலாந்து.